தோட்டத்து வீட்டு சோலார்: பேனலை மட்டும் கூட்டினால் விளக்கு கூடுதல் நேரம் எரியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர் பக்கமும், வடகிழக்கே அழகர்மலை அடிவாரத்திலும் கரண்ட் கம்பம் எட்டாத தோட்டத்து வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் போட்ட சோலார்தான் ஓடுகிறது. 150 வாட் பேனல் இரண்டு, 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்று, பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளவாக ஏற்றச் சுவரில் ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், எல்லாம் 12 வோல்ட். நாலு பல்பும் ஒரு ஃபேனும் எரிந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று அதே வீட்டுக்கு ஃபிரிட்ஜும் மிக்ஸியும் டிவியும் வேண்டும். கடைக்குப் போய்க் கேட்டால், "540 வாட் பேனல் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, சரியாயிரும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கடன் வாங்கி மாட்டிய பிறகும் ராத்திரி ஒன்பது மணிக்கு இன்வெர்ட்டர் கத்துகிறது. இது ஏன் நடக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை விவசாயக் குடும்பங்கள் படிக்கும் உங்கள் நாளிதழில் வெளியிட வேண்டும் என்பதற்காக இந்தக் கடிதம்.

முதலில் அந்த 540 வாட் பேனல். அதிலிருந்து வரும் மின்சாரம் சுமார் 41 வோல்ட், 13 ஆம்பியர். பழைய பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலருக்கு வோல்ட்டை இறக்கி ஆம்பியரைக் கூட்டத் தெரியாது. பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிடும், அவ்வளவுதான். பேட்டரி 13 வோல்ட்டில் நின்றால் பேனலும் 13 வோல்ட்டுக்கு இறங்கித்தான் வேலை செய்யும். 13 ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கினால் 169 வாட். 540 வாட்டுக்குப் பணம் கொடுத்தவர் வீட்டுக்குள் மூன்றில் ஒரு பங்குகூட வந்து சேரவில்லை. லோடு எதுவும் இழுக்காதபோது அந்தப் பேனலின் வோல்ட் 49-க்கு மேல் போகும். 25 வோல்ட் மட்டுமே தாங்கும் கன்ட்ரோலராக இருந்தால் மாட்டிய அன்றைக்கே புகைந்துவிடும்.

புதிதாக எதையும் வாங்கும் முன், இருப்பதில் எது பலவீனம் என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் பேட்டரி முழுக்க ஏறிய பின் சாயங்காலம் ஆறு மணிக்கு 60 வாட் லோடு மட்டும் போட்டு விடியும்வரை விட்டுவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். பேட்டரி பன்னிரண்டு மணி நேரமும் தாங்கி, லோடை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 12.1, 12.2 வோல்ட் காட்டும். பதினொரு மணிக்கே கட்-ஆஃப் ஆனால் பேட்டரி செத்துவிட்டது. அதற்கு மேல் எத்தனை பேனல் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பேட்டரித் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். இங்கே விற்கும் டியூபுலர் பேட்டரி முழுக்க ஏறினால் 1.240 அளவில் நிற்கும். ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.200-க்குக் கீழே நின்றால் அந்த ஒரு செல்தான் மொத்தப் பேட்டரியையும் கீழே இழுக்கிறது.

பேனலின் ஆம்பியரை உச்சி வெயிலில், வயரைக் கவ்வி அளக்கும் க்ளாம்ப் மீட்டர் போட்டு அளக்கலாம். ஆனால் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் மீட்டர்களில் பல ஈ.பி. லைனில் வரும் ஏ.சி.யை மட்டும்தான் அளக்கும். பேனலிலிருந்து வரும் டி.சி. வயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்துவிட்டு "பேனல் போச்சு" என்று சொல்லி நல்ல பேனலைக் கழற்றிப் போடுவதும் நடக்கிறது. டி.சி. அளக்கும் மீட்டர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. 9 வாட் பல்பு நான்கு, ஐந்து மணி நேரம் என்றால் 180 வாட்-மணி. கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடும். இரண்டு ஃபேன் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 720. பழைய ஃபேன் ஒன்று மட்டுமே 75 வாட் தின்னும். சோலார் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது அதுதான், பேனல்கூட அதற்குப் பிறகுதான். டிவி 150, செல்போன் 40, மிக்ஸி பத்து நிமிடத்துக்கு 100. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்கு நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 700 என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் 1,890. இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 15 வாட் குடிக்கும், அது நாளைக்கு 360. மாற்றும்போது போகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 2,440, அதாவது சுமார் இரண்டரை யூனிட்.

இங்கே இன்னொரு தவறும் நடக்கிறது. "பின்னாடி உதவும்" என்று 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டரைத் தலையில் கட்டுகிறார்கள். அந்த அளவு இன்வெர்ட்டர் லோடே இல்லாமல் 50 வாட் வரை குடிக்கும். ஒரு நாளைக்கு 1.2 யூனிட், ஃபிரிட்ஜ் குடிப்பதைவிட அதிகம். மேலே சொன்ன வீட்டுக்கு 24 வோல்ட், 1,500 வி.ஏ. சைன் வேவ் (ஈ.பி. மின்சாரத்தைப் போலச் சீரான அலையாகத் தரும்) இன்வெர்ட்டர் போதும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடுவதைப்போல் பல மடங்கு ஒரு கணம் இழுக்கும், அதையும் தாங்கும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜை ஓட்டாதீர்கள். கம்ப்ரஸர் சூடேறிச் சாகும்.

இரண்டரை யூனிட்டுக்கு 540 வாட் பேனல் இரண்டு வேண்டும். நல்ல வெயில் நாளில் முழு வெயில் ஐந்து மணி நேரம் என்ற கணக்கில், இழப்பெல்லாம் போக 3.7 யூனிட் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடந்தால் மூன்று மணி நேரக் கணக்குத்தான், 2.2 யூனிட். அந்த நாட்களில் டிவியையும் ஒரு ஃபேனையும் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அக்னி நட்சத்திரத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சந்தேகம் வரும். வெயில் கொளுத்துகிறது, 540 வாட் பேனல் 450-தான் தருகிறதே, ஏமாற்றிவிட்டார்களா என்று. ஏமாற்றவில்லை. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரிக்கு எழுதியது. நம் ஊர் மதியத்தில் பேனல் 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறைய, 14 சதவீதம் அதிலேயே போய்விடும். தகரக் கூரையோடு ஒட்டி மாட்டினால் இன்னும் போகும். அரை அடியாவது இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுங்கள்.

இவ்வளவு லோடு போடும் வீடு 12 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டுக்கு மாறியே தீர வேண்டும். ஆயிரம் வாட் இழுக்கும்போது 12 வோல்ட்டில் நூறு ஆம்பியருக்குப் பக்கம் ஓடும், 24-ல் பாதிதான். வயர், லக்கு, ஃபியூஸ் எல்லாவற்றின் சூடும் குறையும். ஆனால் மாறும்போது பழைய 12 வோல்ட் டி.சி. பல்புகளை என்ன செய்வது? இங்கேதான் மிக அதிகமாகப் பேட்டரி வீணாகிறது. 24 வோல்ட்டுக்காகச் சீரிஸில் (ஒன்றன் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவோடு) இணைத்த இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துப் பல்புக்குக் கொடுக்கிறார்கள். பல்பு நன்றாகத்தான் எரியும். ஆனால் அந்தப் பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக இறங்கும். சார்ஜ் ஏறும்போது கன்ட்ரோலர் பார்ப்பது இரண்டின் மொத்த வோல்ட்டை. மொத்தம் 28.8 வந்ததும் நிறுத்தும். அப்போது ஒன்று 15.2-ல் கொதித்துத் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும், மற்றது 13.6-ல் பட்டினி கிடக்கும். ஒரு வருடத்துக்குள் இரண்டும் போய்விடும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துப் போட்டு, அதிலிருந்து எடுங்கள். அல்லது பல்புகளை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுங்கள். பழைய பேட்டரியோடு புதுப் பேட்டரியை ஜோடி சேர்ப்பதும் இதே காரணத்தால் ஆகாது.

கன்ட்ரோலர், வோல்ட்டை இறக்கி ஆம்பியரைக் கூட்டத் தெரிந்த எம்.பி.பி.டி. வகையாக இருக்க வேண்டும், 40 ஆம்பியர், உள்ளே வரும் வோல்ட் 150 வரை தாங்குவது. இரண்டு பேனலையும் சீரிஸில் போட்டால் திறந்த நிலையில் (லோடு இழுக்காதபோது) 99 வோல்ட், நிம்மதியாக இருக்கும். மூன்றாவது பேனலை அதே சீரிஸில் சேர்க்காதீர்கள். பேனலில் எழுதியிருப்பது 49.5 வோல்ட் என்றால் மூன்றுக்கு 148.5, 150-க்குள் அடங்கிவிடுகிறதே என்று தோன்றும். ஆனால் சூடு குறையக் குறைய வோல்ட் ஏறும். மார்கழி விடியலில் 20 டிகிரி இருந்தாலே 150.5 ஆகிவிடும். சிறுமலை போன்ற மலைத் தோட்டங்களில் இன்னும் ஏறும். கன்ட்ரோலர் போவது ஒரு நொடியில். இப்படிப் போனதற்கு வாரன்டியும் தர மாட்டார்கள்.

பழைய 150 வாட் பேனல்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் புதுப் பேனலோடு ஒரே வயரில் சேர்க்கவும் கூடாது. சீரிஸில் சேர்த்தால் சின்னப் பேனலின் 8 ஆம்பியருக்குப் பெரிய பேனலும் இறங்கும், இணையாகச் சேர்த்தால் பெரியது 18 வோல்ட்டுக்கு இறங்கும். பழைய இரண்டையும் தனியே சீரிஸில் போட்டு, 24 வோல்ட்டும் எடுக்கும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வழியாக அதே பேட்டரிக்குக் கொண்டுவரலாம். இரண்டு கன்ட்ரோலர் ஒரே பேட்டரிக்கு ஏற்றுவதில் தவறில்லை. வோல்ட் செட்டிங் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மிச்சம் பிடிப்பது அதில்தான். வேப்பமர நிழலுக்குப் பயந்து பேனலை வீட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளிப் போட்டு, வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரையே இழுத்துவிடுகிறார்கள். போக வர முப்பது மீட்டர். அந்த வயரில் 16 ஆம்பியர் ஓடினால் மூன்றரை வோல்ட் வயரிலேயே செத்துவிடும். கோடையில் 12 வோல்ட் பேனல் 15 வோல்ட்தான் தரும். அதில் மூன்றரை போனால் பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொடவே தொடாது. ஆண்டுக்கணக்கில் பாதி வயிற்றோடு கிடந்த பேட்டரியின் தகட்டில் வெள்ளையாகச் சல்ஃபேட் படிந்துவிடும். பேட்டரி கம்பெனியைத் திட்டுவார்கள், குற்றவாளி வயர். புது அமைப்பில் 82 வோல்ட், 13 ஆம்பியர் என்பதால் அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்.எம். சோலார் கேபிள் போதும், இழப்பு 2 வோல்ட்தான். வெயில் தாங்கும் சோலார் கேபிள்தான் வாங்க வேண்டும். சாதாரண வயரின் மேல்தோல் இரண்டு மூன்று கோடையில் பொரிந்து வெடித்துவிடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 25 ஸ்கொயர் எம்.எம்., நீளம் ஐந்து அடிக்கு மிகாமல்.

அந்த வயரில், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு அடிக்குள் 100 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ் ஒன்று கட்டாயம். எலி கடித்து வயர் உரசினால் தோட்டத்து வீட்டில் தீயை அணைக்க ஆள் வர வெகு நேரம் ஆகும். பேனல் பக்கம் போடும் எம்.சி.பி.யும் (தானே கட் ஆகும் பாதுகாப்பு சுவிட்ச்) டி.சி. வகையாக இருக்க வேண்டும். ஏ.சி.யில் மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு வருவதால் பொறி தானாக அணையும். டி.சி.யில் அந்த இடைவெளி கிடையாது. வீட்டு எம்.சி.பி.யை அங்கே போட்டு லோடோடு ஆஃப் செய்தால் உள்ளே பொறி நின்று எரிந்து, பெட்டியே உருகும்.

பேனல் வயர்களைச் சேர்க்கும் எம்.சி.4 கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பல வீடுகளின் கதை தெரியும். உள்ளே இருக்கும் பின் வெள்ளி நிறத்தில் பளபளக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிச் செருகியதாக இருந்தால் பின் கருத்து, சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். தொட்டால் வயர் கையோடு வரும். பின்னை அதற்குரிய கிரிம்பிங் டூலால்தான் அழுத்த வேண்டும். பேனலோடு வந்த ஆண் பக்கத்துக்கு அதே கம்பெனியின் பெண் பக்கம்தான் சரியாக உட்காரும். வேறு வேறு கம்பெனி கனெக்டர்கள் "கிளிக்" என்று சேர்ந்தாலும் உள்ளே இடுக்கு விட்டு நிற்கும். மாட்டிய முதல் வாரம் உச்சி நேரத்தில் ஒவ்வொரு கனெக்டரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் அதை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

பேட்டரியில் டியூபுலரா லித்தியமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டியூபுலர் 150 ஏ.எச். இரண்டு என்றால் 3.6 யூனிட் கொள்ளளவு, தினமும் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 1.8 யூனிட். மேலே சொன்ன வீட்டின் ராத்திரித் தேவை 1.6 யூனிட்டுக்குப் பக்கம், சரியாக இருக்கும். சார்ஜ் 28.8 வோல்ட், ஃப்ளோட் (முழுக்க ஏறிய பின் நிற்க வேண்டிய வோல்ட்) 27.2 என்று வையுங்கள். ஏறும் ஆம்பியரை 20-க்கு மேல் விடாதீர்கள். வெப்பம் 40 டிகிரி தொடும் அறையில் சார்ஜ் வோல்ட் முக்கால் வோல்ட் குறைய வேண்டும். அதற்காகத்தான் கன்ட்ரோலரோடு ஒரு டெம்பரேச்சர் சென்சார் வயர் வருகிறது. அதைப் பையிலேயே போட்டு வைக்காமல் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் அதோடு முடிந்தது.

லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் என்றால் 25.6 வோல்ட், 100 ஏ.எச். ஒன்று, 2.56 யூனிட். அதில் 85 சதவீதம் தாராளமாக எடுக்கலாம். தண்ணீர் வேலை இல்லை, ஆயுளும் அதிகம். பணம் முடிந்தால் எங்கள் கருத்தில் இதுவே நல்லது. ஆனால் செட்டிங் மாற்றாமல் போட்டால் இதுவும் கெடும். சார்ஜ் 28.4, ஃப்ளோட் 27.2, ஈக்வலைசேஷன் (செல்களைச் சமன் செய்ய வோல்ட்டை ஏற்றும் செட்டிங்) கண்டிப்பாக ஆஃப். அது ஆனில் இருந்தால் வோல்ட் 30-ஐத் தாண்டும், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ். சட்டென்று வெட்டிக்கொள்ளும். கொளுத்தும் வெயிலில் பேனல் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரி காணாமல் போனால், அந்த வோல்ட் துள்ளலில் கன்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் அடிவாங்கும். இன்வெர்ட்டரின் கட்-ஆஃபை 24 வோல்ட்டில் வையுங்கள், பி.எம்.எஸ். வெட்டும்வரை போகக் கூடாது. தகரம் போட்ட மோட்டார் ரூமில் லித்தியத்தை வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் கரையும். ஓட்டு வீட்டின் வடக்குச் சுவர் ஓரம் நல்ல இடம்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டிக் கன்ட்ரோலரைக் கொன்றவர்கள் நிறையப் பேர்.

பேனல் தெற்கு நோக்கி, 10 டிகிரி சாய்வு. ஏழரை அடி நீளப் பேனலை நீளவாக்கில் சாய்த்தால் வடக்கு முனை ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல் உயர்ந்திருக்க வேண்டும். தென்னங்கீற்றின் ஒரு நிழல் குறுக்கே விழுந்தாலே பேனலின் பெரும்பகுதி படுத்துவிடும். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை நிழல் எங்கே நகர்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் குழி தோண்டுங்கள். ஆண்டிபட்டியில் காற்றாலை சுற்ற வைக்கும் அதே ஆடிக் காற்றுதான் உசிலம்பட்டித் தோட்டங்களிலும் அடிக்கிறது. ஒரு பேனல் 28 சதுர அடி, காற்று அடியில் புகுந்தால் தூக்கிவிடும். நான்கு காலுக்கும் கான்கிரீட் குழி, துருப்பிடிக்காத நட்டு போல்ட், ஆடிக்கு முன் ஒரு தடவை முறுக்கிப் பார்ப்பது, மூன்றும் வேண்டும். மயில் எச்சம் காய்ந்து ஒட்டினால் அந்தச் செல் மட்டும் சூடேறிக் கருகும். விடியற்காலையில் துணியால் துடையுங்கள். கொதிக்கும் மதியத்தில் தண்ணீர் அடித்தால் கண்ணாடி விரியும். உப்புத் தண்ணீரைக் காய விட்டால் வெள்ளைப் படலம் நிற்கும், உடனே வழித்துவிட வேண்டும்.

கோடை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் பேனல் சட்டத்துக்கு எர்த் அவசியம். எட்டு அடிக்குக் குறையாத ராடு, கன்ட்ரோலர் பக்கத்தில், இடியால் வரும் வோல்ட் துள்ளலை எர்த்துக்குத் தள்ளும் டி.சி. எஸ்.பி.டி. ஒன்று. திருமங்கலம் பக்கக் கரிசலில் கோடையில் மண் வெடித்து ராடைவிட்டு விலகும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

கிணற்று மோட்டாரை இந்த இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்காதீர்கள். அதற்குத் தனி சோலார் பம்ப்செட்தான், பி.எம். குசும் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் உண்டு. அந்தப் பம்ப் பேனலிலிருந்து வீட்டுக்கு ஒரு வயர் இழுக்கும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அதில் ஓடுவது பல நூறு வோல்ட் டி.சி., பிடித்தால் விடாது. 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் கூரை சோலார் திட்டத்தின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் ஈ.பி. இணைப்புள்ள வீடுகளுக்கானது. அதில் போடும் இன்வெர்ட்டர் ஈ.பி. மின்சாரம் இல்லாவிட்டால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். கம்பம் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. பேனல் விற்கும்போது அதன் திறந்த நிலை வோல்ட், ஆம்பியர், அது எந்த வகைக் கன்ட்ரோலருக்குப் பொருந்தும், எத்தனை ஸ்கொயர் எம்.எம். வயர் வேண்டும் என்ற நான்கையும் பில்லிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் அவர்களே, ஐப்பசி மழைக்கு முன் ஆவணி, புரட்டாசியில்தான் தோட்டங்களில் இந்த வேலை நடக்கும். அதற்குள் உங்கள் விவசாயப் பக்கத்தில் தூரத்துக்கு ஏற்ற வயர் அளவையும் பேட்டரி செட்டிங் வோல்ட்டையும் வெட்டிச் சுவரில் ஒட்டும்படி ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால், கன்ட்ரோலர் பக்கத்திலேயே அதை ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சோலார் பழுது பார்க்கும் தொழிலாளர்கள்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.